கேட்டவங்க கூட வரணும்

அந்தம்மாவை நான் நம்பியதே இல்லை. எங்கள் வார்டுக்குக் கவுன்சிலராக இருந்த ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட நம்பியதில்லை. பார்க்க நல்ல மாதிரியாகத்தான் இருப்பார். ஒல்லியான உடம்பு, வெளுத்துப்போன வாயில் புடவை, ரப்பர் செருப்பு. வெயிலோ மழையோ, கையில் ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை இருக்கும். யார் வீட்டிலும் காப்பி குடிக்கமாட்டார். தண்ணீர் கொடுத்தால் அண்ணாந்து குடித்துவிட்டு, சொம்பைக் கழுவிக் கொடுக்கவா என்று கேட்பார். இவ்வளவு நல்லவராக ஒரு கவுன்சிலர் இருந்தால் எங்கேயோ இடிக்கிறது என்றுதானே அர்த்தம்.

காரைக்காலில் கவுன்சிலர் என்பதே அபூர்வமான பொருள். என் வயசுக்கு நான் ஒரே ஒரு தடவைதான் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் தேர்தல் கிடையாது, பின்னாலும் இதுவரை கிடையாது. அந்த ஒரு தடவையில் எங்களுக்கு வாய்த்தவர் இவர். பால்வாடி டீச்சராக இருந்தவர். எங்களையும் பால்வாடிப் பிள்ளைகளாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது என் முதல் கோபம்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போடுவார். ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்காலை முகவாய் வரைக்கும் மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வந்ததும் கரும்பலகையை ஈரத்துணியால் துடைப்பார். பிறகு, "கேள்வி உள்ளவங்க எந்திரிச்சு பேரச் சொல்லி, கேள்விய முழுசாச் சொல்லுங்க" என்பார். பாதிக் கேள்வி கேட்டால் விடமாட்டார்.

"லைட்டு எரியலைங்க."

"எந்த லைட்டு? எந்தக் கம்பம்? எப்பருந்து எரியல? முழுசா."

முழுசாகச் சொன்னதும் அதைக் கரும்பலகையில் எழுதிக் கேட்டவர் பெயரைக் கீழே போடுவார். போட்டுவிட்டு அவர் சொல்கிற வார்த்தை எல்லோருக்கும் மனப்பாடம். "நல்ல கேள்வி. பதில் இங்க இல்ல. கேட்டவங்க கூட வரணும்."

குடையை விரித்துக்கொண்டு நடப்பார். கேட்டவர் பின்னாலேயே போக வேண்டும், வேறு யாரும் போகக் கூடாது. கால் மணி நேரமோ அரை மணி நேரமோ கழித்து இரண்டு பேரும் திரும்பி வருவார்கள். அந்தம்மா போன முகத்தோடேயே வருவார். கூடப் போனவர் முகத்தில்தான் ஈயாடாது. பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அந்தம்மா கரும்பலகையில் இருக்கிற கேள்வியை அழித்துவிட்டு, "அடுத்தது" என்பார்.

எனக்கு இது ஆரம்பத்திலேயே உறுத்தியது. ஏனென்றால் என் பிழைப்பு மனுவில் இருக்கிறது. வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ் கடை, பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். வார்டில் பாதிப் பேருடைய குறைகள் என் விரல் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போகும். மனு அடிக்கிறவளுக்கு ஒரு முறை தெரியும். முதல் மனுவுக்குப் பதில் வராது. ஒரு மாதம் கழித்து நினைவூட்டு மனு. அதற்கும் வராது. பிறகு பழைய மனுக்களின் தேதிகளை வரிசையாகப் போட்டு, 'தாங்கள் கருணை கூர்ந்து' என்று மூன்றாவது. அந்தம்மா வந்த பிறகு இரண்டாவது மனுவே வருவதில்லை. கூட நடந்து போய் வந்தவர்கள் யாரும் என் கடைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. என்ன மாயம் என்று எனக்குப் புரியவில்லை.

லைட்டுக் கேள்வி கேட்டவர் எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற பெரியவர். சொல்தா தாத்தா என்போம். அந்தக் காலத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், யாருக்கும் பயப்படாத ஆள். போய்விட்டு வந்தவரை மறுநாள் கடை வாசலில் பிடித்தேன்.

"என்ன சொன்னாங்க தாத்தா?"

"அது ஒண்ணுமில்லம்மா."

"நினைவூட்டு ஒண்ணு அடிச்சு வச்சுடவா?"

"வேணாம்மா. வேணவே வேணாம்." சண்டைக்குப் போன மனுஷன் பால் வாங்குகிற பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். மூன்றாம் நாள் லைட்டு எரிந்தது.

அரிசி மண்டி பாய், குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்று கேட்டார். அவரும் போனார், வந்தார், வாயைத் திறக்கவில்லை. "என்னாச்சு பாய்?" என்று கேட்டதற்கு, "இன்ஷா அல்லா, வரும்மா" என்று கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த வாரத்திலேயே அவர் வரிசையில் இருந்த வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் ஏறியது. வேலை நடக்காமல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்காது. நடக்காததுதானே வழக்கம். மனு இல்லாமல், மறியல் இல்லாமல், சத்தமில்லாமல் நடக்கிறது என்றால் உள்ளே ஏதோ கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஒரு கேள்விக்கு மட்டும் அவர் வெளியே கூட்டிக்கொண்டு போகவில்லை. பாங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் எழுந்து, நம்ம வார்டுக்கு ஒதுக்கின நிதி என்ன ஆச்சு என்று கேட்டார். அந்தம்மா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அதில் இருந்த வேலைகளையெல்லாம் கரும்பலகையில் எழுதினார். தெருத்தெருவாக ஒரு பட்டியல். எழுதிவிட்டு, "இதுல பாதிக்குத்தான் காசு வரும். எத விடலாம்னு நீங்களே வந்து அடிச்சு விடுங்க" என்று சாக்பீஸை நீட்டினார். அந்த மனிதர் போய் நின்றார். ஒவ்வொரு தெருக்காரனும் அவர் கையையே முறைத்துக்கொண்டிருந்தான். சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. சாமர்த்தியத்தைப் பார்த்தீர்களா. கேட்டவனுக்கே ஊர்ப்பகையை வாங்கிக் கொடுக்கிற சாமர்த்தியம்.

அந்தம்மாவால் வாயடைக்க முடியாத ஒரே ஆள் மீன்காரக்கா. எங்கள் தெருவின் கடைசி வீடு அவளுடையது, பள்ளத்தில் இருக்கிறது. கிளிஞ்சல்மேட்டுக்காரி. சுனாமியில் புருஷனைக் கொடுத்த பிறகு, இனிமேல் அலைச்சத்தம் கேட்கிற இடத்தில் படுக்கமாட்டேன் என்று ஊருக்குள் வந்து அந்த வீட்டை வாங்கினாள். விடியற்காலையில் போய் மீன் எடுத்து வந்து, பத்து மணிக்குள் விற்றுவிட்டுக் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். அப்படிப்பட்டவளுடைய வீட்டுக்குள் ஒவ்வொரு ஐப்பசியிலும் தெருச்சாக்கடை முழங்கால் உயரத்துக்கு ஏறும். மேலே இருந்து வருகிற தண்ணீர் போக வழியில்லாமல் எங்கேயோ தேங்கி, மழை வலுத்ததும் ரோட்டில் புரண்டு நேராக அவள் வாசலுக்கு இறங்கிவிடும்.

அந்த வருஷம் அவளுக்கு அது வாழ்வா சாவா என்கிற விஷயம். ஒரே மகளை வரிச்சிக்குடியில் கட்டிக் கொடுத்திருந்தாள். மகளுக்குத் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்தால் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். சம்பந்தியம்மா கறாராகச் சொல்லிவிட்டாளாம், சாக்கடைத் தண்ணி நிக்கிற வீட்டுக்கு எங்க வீட்டுப் புள்ளத்தாச்சிய அனுப்பமாட்டோம் என்று. ஒரே மகளின் தலைப்பிரசவத்தைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத அம்மா என்ன அம்மா என்று மீன்காரக்கா என் கடையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். நான்தான் அவளுக்கு மனு அடித்துக் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

கூட்டத்தில் அவள் கேட்டபோது அந்தம்மா வழக்கம்போலக் குடையை எடுத்தார். மீன்காரக்கா நகரவில்லை.

"நான் எங்க வர்றது? எல்லாம் எங்கூட்டு வாசல்லதான் நிக்குது. நீ வா, வந்து பாரு."

கடலோரத்துக்காரிகள் யாரையும் நீ என்றுதான் பேசுவார்கள். அந்தம்மா அதற்கு முகம் சுளிக்கவில்லை. "வர்றேங்க" என்றார். அந்தக் கேள்வியை மட்டும் கரும்பலகையிலிருந்து அழிக்கவில்லை. திங்கட்கிழமை வந்த வாத்தியார் அழித்திருக்க வேண்டும். அடுத்த மாதம் அந்தம்மா வந்து மறுபடி எழுதினார்.

பிறகு தினமும் காலையில் அந்தம்மாவை எங்கள் தெருவில் பார்க்க முடிந்தது. மீன்காரக்கா வீட்டிலிருந்து தொடங்கி மேல்நோக்கி நடப்பார். வாய்க்கால் மேல் ஒவ்வொரு வீட்டுக்காரரும் போட்டிருக்கிற சிலாபைக் குடை நுனியால் தட்டுவார், குனிந்து காது கொடுப்பார், அடுத்ததற்குப் போவார். நான் கடைக்குள் இருந்தபடியே பார்ப்பேன். அளவெடுக்கிறார், டெண்டர் விடப் போகிறார், அதில் அவருக்கு எத்தனை சதவீதமோ என்று நினைத்துக்கொள்வேன். நெருப்பில்லாமல் புகையுமா.

வயிற்றெரிச்சல் தாங்காமல் ஒரு கூட்டத்தில் நானே எழுந்துவிட்டேன். பெயரைச் சொல்லி, முழுசாகவே கேட்டேன். "ஒங்ககிட்ட கேள்வி கேக்குறவங்க எல்லாரும் ஒங்ககூட நடந்துட்டு வந்ததும் வாயடச்சுப் போறாங்களே, அது ஏன்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தம்மா சிரிக்காமல் அதைக் கரும்பலகையில் எழுதினார். எழுதி முடித்து ஒரு தடவை படித்தும் பார்த்தார். "நல்ல கேள்வி. வாங்க."

ஊரே பார்க்கப் போனேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பணம் கொடுத்தால் மூஞ்சியில் எறிய வேண்டும், மிரட்டினால் அதையும் மனுவாக அடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டே நடந்தேன். அவர் எங்கேயோ ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்று நினைத்தால், நேராக என் கடை வாசலில் வந்து நின்றார்.

"கட கட்டி எத்தன வருஷமாச்சு?"

"ஆறு."

பக்கத்து வீட்டுச் சிலாபைக் குடையால் தட்டினார். டங்கென்று பானை மாதிரி ஒலித்தது. என் சிலாபைத் தட்டினார். தரையைத் தட்டின மாதிரி இருந்தது. மறுபடியும் அதைத் தட்டினார், இதைத் தட்டினார். பால்வாடியில் இது பெரிசு, இது சின்னது என்று காட்டுவது போல.

"ஒங்க சிலாப்புக்குக் கீழ வாய்க்கா இல்லங்க" என்றார். "இது வரைக்கும் வருது. அந்தப் பக்கம் போகுது. நடுவுல ஒண்ணுமில்ல."

கட்டும்போது கொத்தனார் சொன்னது அப்படியே நினைவுக்கு வந்தது. வாசலில் பேப்பர் வண்டி வந்து நிற்க வேண்டும், வாய்க்கால் மேல் வெறும் சிலாப் போட்டால் உடைந்துவிடும், உள்ளே ஜல்லி கொட்டி அடைத்துவிட்டுச் சாண் அகலத்தில் ஒரு பைப் விட்டுவிடலாம்க்கா, தண்ணி அது பாட்டுக்குப் போயிடும். சாண் பைப்பில் ஒரு தெருவின் தண்ணீர் போகுமா என்று எனக்குத் தெரியாதா. தெரியும். தெரியாத மாதிரி ஆறு வருஷம் வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். மீன்காரக்காவுக்கு நாலு மனுவும் அந்தச் சிலாபுக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்துதான் அடித்தேன்.

"எல்லாரும் செய்றதுதானங்க" என்றேன்.

"ஆமா. எல்லாரும் செய்றதுதான். அதான் எல்லாரும் வாயடச்சுப் போறாங்க. ஒங்க கேள்விக்கு இதான் பதில்."

"சொல்தா தாத்தாவுமா?"

"அது அவருக்குச் சொன்ன பதில். ஒங்கள்ட்ட சொல்றதுக்கில்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "மழைக்கு முந்தி எடுத்துடுங்க. நோட்டீஸ் கொடுக்கமாட்டேன், யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். நீங்களா எடுத்ததா இருக்கட்டும்."

திரும்பிப் போனோம். என் கேள்வியை அழித்தார். "என்னா சொன்னாங்க?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

அன்று சாயங்காலம் தெருவில் நடந்தபோது சொல்தா தாத்தாவின் படுக்கையறை ஜன்னலில் புதிதாக ஒரு கெட்டித் திரை தொங்கியதைப் பார்த்தேன். லைட்டு வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று லைன்மேனிடம் சொல்லி அதை அணைத்து வைத்தவரும், பிறகு தெரு இருட்டானதும் எரியவில்லை என்று ஊர் முன்னால் கேட்டவரும் ஒரே ஆள்தான் என்று அப்போதுதான் புரிந்தது. பாய் வீட்டு வாசலில் பொதுக்குழாயை உறிஞ்சிக்கொண்டிருந்த குட்டி மோட்டாரையும் காணோம். அவர்களெல்லாம் எடுத்துவிட்டார்கள்.

நான் எடுக்கவில்லை. தீபாவளி கழியட்டும் என்றேன். வாசலை உடைத்தால் ஒரு மாதம் கடை படுத்துவிடும் என்றேன். அதெல்லாம் சாக்கு. உள்ளுக்குள் ஓடியது வேறு. ஏன் நோட்டீஸ் கொடுக்கமாட்டாராம்? ஏன் யாரிடமும் சொல்லமாட்டாராம்? வார்டில் இருக்கிற அத்தனை பேருடைய குடுமியையும் கையில் சுற்றி வைத்துக்கொண்டு ஒருத்தி நல்லவள் வேஷம் போடுகிறாள் என்றால் எதற்காக? அடுத்த தேர்தலுக்காகத்தானே. நான் உடைத்தால் அவரிடம் மண்டியிட்டதாக ஆகிவிடாதா. இப்படியெல்லாம் யோசித்தேன். சந்தேகப்படுகிறவளுக்கு ஒரு சௌகரியம், எப்போதும் தப்பு அடுத்தவர் பக்கம்தான் இருக்கும்.

காலையில் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "கட எப்படிப் போவுது?" என்று மட்டும் கேட்பார். சிலாபைத் தட்டமாட்டார், பார்க்கக்கூட மாட்டார். புரட்டாசி முழுக்க அப்படியே போனது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் நோட்டீஸ் கொடுத்திருக்கலாம். நகராட்சி ஆளைக் கூட்டி வந்து இடித்திருக்கலாம், அதற்கு அதிகாரம் இருந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு புள்ளத்தாச்சியின் காரியத்தைக் கோட்டை விட்டது அவருடைய தப்பும்தான். இதை நான் சொல்லக் கூடாது என்றாலும் சொல்கிறேன்.

ஐப்பசிக் கூட்டத்துக்கு மீன்காரக்கா மீன் கூடையோடு நேராக வந்துவிட்டாள். பெஞ்சில் உட்காரவில்லை.

"வளகாப்பு முடிஞ்சுபோச்சு. வர்ற வெள்ளிக்கெழம எம்மவளக் கூட்டியாரலாமா, கூடாதா? ஒத்த வார்த்த சொல்லு. நான் நடந்தெல்லாம் வரமாட்டேன். இந்த சனத்துக்கு முன்னால சொல்லு."

அந்தம்மா சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நின்றார். ஒன்றும் எழுதவில்லை. அவர் பார்வை ஒவ்வொரு பெஞ்சாக வந்தது. சொல்தா தாத்தா, பாய், எல்லோர் மேலும் நின்று வந்தது. என்னை மட்டும் தொடாமல் தாண்டிப் போனது. அப்போது நான் எழுந்து நின்றிருந்தால் போதும். வாய் திறக்கக்கூட வேண்டாம்.

"கூட்டியாராதீங்க" என்றார் அந்தம்மா. "இந்த மழைக்கு முந்தி முடியல."

"ஏன் முடியல?"

"என்னால முடியல."

ஐந்து வருஷத்தில் கூட்டத்தில் நின்ற இடத்திலேயே அவர் வாய்விட்டுச் சொன்ன நேரடிப் பதில் அது ஒன்றுதான். மீன்காரக்கா மண்ணை வாரித் தூற்றவில்லை, அவ்வளவுதான். மற்ற எல்லாம் பேசினாள். வாய்க்கால் காசை முழுங்கிவிட்டார்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அதானே" என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்ன, நான்தான் சொன்னேன். அந்தம்மா குடையை எடுத்துக்கொண்டு தனியாக வெளியே போனார்.

மகள் வரவில்லை. வரிச்சிக்குடியிலேயே இருந்து, வலி எடுத்ததும் பெரியாஸ்பத்திரிக்கு வந்து பெற்றுக்கொண்டு, மாமியாரோடு திரும்பிப் போய்விட்டாள். மீன்காரக்கா ஆஸ்பத்திரியில் பேரனைப் பார்த்ததோடு சரி. அந்தம்மா மேல் விசாரணை நடந்தது. ஒரு அதிகாரி கேட்டதற்கெல்லாம் என்னால் முடியவில்லை என்றே எழுதிக் கொடுத்தாராம். என் பெயர் அதில் இல்லை. அடுத்த கோடையில் ஆள் விட்டு நானே அந்த ஜல்லியைப் பெயர்த்தேன். அதற்குள் மீன்காரக்கா வீட்டை விற்றுவிட்டுக் கிளிஞ்சல்மேட்டுக்கே போயிருந்தாள்.

விசாரணை எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டேன். கூட்டம் நடந்த மறுநாள் காலையில் மீன்காரக்கா என் கடைக்கு வந்தாள். கால் கழுவிக்கொண்டுதான் ஏறுவேன் என்று வாசலிலேயே நின்று, சிலாப் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கலெக்டருக்கு ஒண்ணு அடி தாயி. அந்தப் பொம்பள காசத் தின்னுட்டான்னு அடி. எம்மவ வர்ற வழிய அடச்சவ அவதான்னு அடி."

"யோசிச்சுக்கக்கா" என்றேன்.

"என்னாத்த யோசிக்கிறது. எனக்கு இந்தத் தெருவுல உன்ன விட்டா யாரு இருக்கா?"

அடித்தேன். காசைத் தின்றதாக அவள் சொன்னதை 'நிதி முறைகேடு செய்துள்ளதாகத் தெரியவருகிறது' என்று மாற்றினேன். பழைய நாலு மனுக்களின் தேதிகளையும் வரிசையாகப் போட்டேன். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஸ்டாம்ப் பேடைத் திறந்து, அவள் பெருவிரலை நானே பிடித்து மையில் அழுத்தி, கலங்காமல் விழுகிற மாதிரி தாளில் வைத்தேன். காசு வேண்டாம் என்றேன். நீ நல்லா இருக்கணும் தாயி என்று மை படிந்த விரலோடு என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுப் போனாள்.